கோத்தகிரி ஏற்றமும் அலையும் ஹேண்டிலும்

மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரிக்கு ஏறும் மலைச் சாலையில், குஞ்சப்பனை தாண்டிக் கொஞ்ச தூரத்தில், இடது கைப் பக்கம் திரும்பும் ஒரு வளைவில், சைக்கிளோடு சாய்ந்தேன். மீட்டரில் மணிக்கு 4.6 கி.மீ. காட்டியது. ஹேண்டில் வலது பக்கம் போனது. இழுத்தேன். இடது பக்கம் அதைவிட அதிகமாக வந்தது. மறுபடி இழுத்தேன். மூன்றாவது தடவை முன் சக்கரம் தார் விளிம்பைத் தாண்டி மண்ணில் இறங்கிவிட்டது. கால் ஊன்றினேன், ஆனால் 21 கிலோ சாமானோடு சாயும் சைக்கிளை ஒரு கால் தாங்காது. பின்னால் வந்த தம்பி தன் சைக்கிளைப் போட்டுவிட்டு ஓடி வந்து கேரியரைப் பிடித்துத் தூக்கினான். முழங்காலில் சிராய்ப்பு, அவ்வளவுதான். அந்த நேரம் பார்த்துப் பேருந்து எதுவும் வராதது எங்கள் நல்ல காலம்.

அன்று மீதி மலையைப் பாதி மிதித்தும் பாதி தள்ளியும் ஏறினோம். அரவேணு வருவதற்குள் தோளும் மணிக்கட்டும் விட்டுப்போயின. தொடை அவ்வளவாக வலிக்கவில்லை. எனக்கு உறுத்தியது அதுதான். மலை ஏறினால் கால் வலிக்க வேண்டும். கை வலிக்கிறதென்றால் சைக்கிளில் ஏதோ சரியில்லை.

இது நடந்தது பிப்ரவரியில். மார்ச் கடைசிக்குள் அதே சாலையில் மூன்று தடவை ஏறிவிட்டேன். இடையில் என்னென்ன செய்தேன், எது பலித்தது, எது வீண் என்று எழுதி வைக்கிறேன். சுமையோடு மலை ஏற நினைக்கிறவர்கள் என்னைப் போல இரண்டு மாதம் சுற்ற வேண்டாம்.

முதலில் சாலை. மேட்டுப்பாளையத்திலிருந்து கோத்தகிரி சுமார் 33 கி.மீ., ஏறத்தாழ 1,450 மீட்டர் ஏற்றம். வகுத்தால் சராசரி நாலரை சதவீதம்கூட வராது. கேட்க எளிதாக இருக்கும். பவானிப் பாலம் தாண்டிப் பாக்குத் தோப்புகளுக்கு நடுவே போகும் முதல் சில கிலோமீட்டரில் ஏற்றமே கிடையாது. அந்தக் கணக்கையும் மலை வாங்கிக்கொள்வதால் மேலே பல இடங்களில் 7, 8 சதவீதம் வந்துவிடுகிறது. இடப்பக்க வளைவுகளின் உள்விளிம்பில் அதற்கும் மேலே. 8 சதவீதம் என்றால் எவ்வளவு என்று தெரிய வேண்டுமானால் பக்கத்து மலையில் ஓடும் ரயிலைப் பாருங்கள். கல்லாறுக்கும் குன்னூருக்கும் இடையே மிகச் செங்குத்தான இடங்களில் தண்டவாளம் 12க்கு 1 என்று ஏறுகிறது, அதாவது 8.33 சதவீதம். அதற்கே தண்டவாளத்தின் நடுவில் பல்சட்டம் போட்டுப் பல்சக்கரத்தால் பிடித்து ஏற வேண்டியிருக்கிறது.

என் சைக்கிள் சாதாரண ஹைப்ரிட்தான். 700க்கு 38 டயர், முன்னால் மூன்று பல்சக்கரம் (48, 38, 28), பின்னால் 11 முதல் 32 வரை எட்டு. நான் 58 கிலோ. சைக்கிள் கேரியரோடு 16 கிலோ. சாமான் 21 கிலோ. கூடாரம், படுக்கை, அடுப்பு, துணி, கருவிகள், தண்ணீர் எல்லாம் சேர்த்து. அந்த 21 கிலோவும் பின் கேரியரில்தான் இருந்தது. இரண்டு பக்கமும் பை, மேலே ஒரு மூட்டை, மூட்டைக்கு மேலே பாதி காலியான 5 லிட்டர் தண்ணீர் கேன்.

மெதுவாகப் போகும்போது மட்டும் ஏன் அலைகிறது என்று உட்கார்ந்து கணக்குப் போட்டேன். சைக்கிள் ஒரு பக்கம் சாயும்போது நாம் அந்தப் பக்கமே ஹேண்டிலைத் திருப்பி, சக்கரத்தை உடம்புக்குக் கீழே கொண்டுவந்து நிமிர்கிறோம். யாரும் யோசித்துச் செய்வதில்லை, கை தானாகச் செய்கிறது. ஒரு டிகிரி சாய்வைச் சரிசெய்ய மணிக்கு 15 கி.மீ. வேகத்தில் சக்கரத்தை அரை டிகிரிக்குக் கொஞ்சம் மேலே திருப்பினால் போதும். 5 கி.மீ. வேகத்தில் அதே சாய்வுக்கு 5 டிகிரிக்கு மேல் திருப்ப வேண்டும். வேகம் மூன்றில் ஒரு பங்கானால் திருப்பல் ஒன்பது மடங்கு. சமதளத்தில் கண்ணுக்கே தெரியாத அசைவு, ஏற்றத்தில் சாலையின் பாதியைத் தின்னும் அலைச்சலாகிவிடுகிறது.

சக்கரம் சுழல்வதால்தான் சைக்கிள் நிற்கிறது என்று படித்த ஞாபகம் பலருக்கும் இருக்கும். 5 கி.மீ. வேகத்தில் அந்தச் சுழற்சியால் சொல்லிக்கொள்ளும்படி பலன் எதுவும் இல்லை. அமெரிக்காவின் கார்னெல், நெதர்லாந்தின் டெல்ஃப்ட் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் சேர்ந்து 2007இல் வெளியிட்ட கணக்கில், ஒரு மாதிரி சைக்கிள் கைவிட்ட நிலையில் தானாக நிமிர்ந்து ஓடும் வேகம் நொடிக்கு 4.3 மீட்டரில் தொடங்கி 6 மீட்டரில் முடிகிறது. மணிக்கு 15.5 முதல் 21.6 கி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். அதற்குக் கீழே சைக்கிள் தானாக நிற்காது, ஓட்டுகிறவர்தான் நிறுத்தியாக வேண்டும். கோத்தகிரி ஏற்றம் முழுவதும் நான் இருந்தது அதற்கு வெகு கீழே. அப்படியென்றால் என் கைகள் செய்யும் சின்னச் சின்னத் திருத்தங்களுக்குச் சைக்கிள் குறுக்கே நிற்கக் கூடாது. இது புரிந்த பிறகுதான் எங்கே தேட வேண்டும் என்று தெரிந்தது.

வீட்டில் எடை பார்க்கும் மெஷின் இருக்கிறது. அதை முன் சக்கரத்துக்குக் கீழே வைத்து, பின் சக்கரத்துக்குக் கீழே அதே உயரத்தில் பலகை போட்டு, சைக்கிளில் ஏறி உட்கார்ந்தேன். தம்பி பின்னாலிருந்து சீட்டை விரலால் பிடித்துக்கொண்டான். சாமான் இல்லாமல் முன் சக்கரத்தில் 30 கிலோ. 21 கிலோவையும் பின்னால் ஏற்றினால் 29. அத்தனை சாமானை ஏற்றியும் முன்னால் ஒரு கிலோ குறைகிறது! பைகளின் கனம் பின் அச்சுக்குக் கொஞ்சம் பின்னால் இருப்பதால் முன்பக்கத்தைத் தூக்குகிறது.

அப்புறம் பின்னால் இருந்த பலகையை எடுத்துவிட்டு, முன்னால் மெஷினுக்குக் கீழே ஒரு செங்கல் வைத்தேன். முன் சக்கரம் சுமார் 10 செ.மீ. உயர்ந்தது. இரண்டு அச்சுக்கும் இடையே 104 செ.மீ. என்பதால் இது ஒன்பதரை சதவீத ஏற்றம். இப்போது மெஷின் காட்டியது 20 கிலோ. மொத்தம் 95 கிலோவில் முன் சக்கரத்தில் வெறும் 20. குஞ்சப்பனை வளைவில் ஹேண்டில் ஏன் காற்றில் மிதப்பது போல் இருந்தது என்பதற்கு இந்த ஒரு எண்ணே போதும். இதை எல்லோரும் ஒரு தடவை செய்து பார்க்க வேண்டும். செலவு ஒரு செங்கல்.

முன் சக்கரத்தை இரண்டு பக்கமும் பிடிக்கும் போர்க்கில் பை மாட்ட லோ-ரைடர் என்று ஒரு கேரியர் உண்டு. பை முன் அச்சின் உயரத்திலேயே தொங்கும். வாங்கினால் விலை கூட, வர நாளாகும். கோவைப் பக்கம் இருப்பவர்களுக்கு லேத்துக்கும் வெல்டிங்குக்கும் பஞ்சமா? காரமடையில் கேட் கிரில் செய்யும் பட்டறையில் 8 எம்எம் கம்பியை வளைத்துக் கேட்டேன். போர்க்கின் அடியில் மட்கார்டு மாட்டும் துளை இருந்தது, அதில் ஒரு முனை. மேல் முனைக்குப் போர்க்கைச் சுற்றிப் பிடிக்கும் கிளாம்ப், உள்ளே பழைய டியூபை வெட்டிச் சுற்றியாயிற்று, பெயின்ட் போகாமலும் வழுக்காமலும் இருக்க. சக்கரத்துக்கு மேலே இரண்டு பக்கத்தையும் இணைத்து ஒரு வளைந்த கம்பி. இந்த இணைப்பை விட்டுவிடாதீர்கள். முதலில் அது இல்லாமல்தான் செய்தோம். பையை மாட்டியதும் இரண்டு கம்பியும் தனித்தனியாக உதறின.

பைகளைத் தார்ப்பாய்த் துணியில் தைத்துக்கொண்டேன். ஒவ்வொன்றிலும் 4 கிலோ. மீன் கடைகளில் வைத்திருக்கும் தொங்கு தராசில் நிறுத்து, இரண்டுக்கும் 200 கிராமுக்கு மேல் வித்தியாசம் வராமல் பார்த்துக்கொண்டேன். பின் பைகளில் இந்த அளவு கறார் தேவையில்லை. முன்னால் தேவை, ஏனென்றால் அங்கே கனம் ஹேண்டிலோடு சேர்ந்து திரும்புகிறது. அடுப்பு, கருவி, அரிசி, பருப்பு முன்னே போயின. கூடாரமும் துணியும் பின்னே.

மறுபடி மெஷின். சமதளத்தில் முன்னால் 37.5. செங்கல் வைத்தால் 28.5. சாமானே இல்லாமல் சமதளத்தில் இருந்த 30க்குப் பக்கத்தில் வந்துவிட்டது.

பின் கேரியரில் இன்னொரு விஷயம் கண்ணில் பட்டது. நிறுத்தி வைத்த சைக்கிளில் சீட்டை ஒரு கையால் பிடித்து, மூட்டையை மறு கையால் பக்கவாட்டில் தள்ளினால் ஒரு விரல் அகலம் ஆடியது. இடது பக்க போல்ட் தளர்ந்திருந்தது. போல்ட்டை இறுக்கி, பை கீழ்முனையில் உதறாமல் டியூப் துண்டால் கட்டினேன். உயரத்தில் கனம் இருந்தாலே சைக்கிள் கவிழும் என்று பலர் சொல்வார்கள். அது முழு உண்மையில்லை. உள்ளங்கையில் ஒட்டடைக் கம்பை நிறுத்துவது எளிது, ஈர்க்குச்சியை நிறுத்துவது கஷ்டம். உயரமானது மெதுவாகத்தான் சாயும். கரகம் தலையில் நிற்கவில்லையா? மேலே இருக்கும் கனம் சைக்கிளோடு ஒட்டி நிற்காமல் தன் போக்கில் ஆடுவதுதான் வம்பு. நாம் இடது பக்கம் நிமிரும்போது அது வலது பக்கம் போகிறது. அதே காரணத்தால் பாதி காலியான தண்ணீர் கேனையும் ஒழித்தேன். பால்காரர்கள் கேனைக் கழுத்துவரை நிரப்பிக்கொண்டு கிளம்புவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்திருக்கிறேன். நிறைகுடம் தளும்பாது என்று படித்ததை முதுகுக்குப் பின்னால் உணர இவ்வளவு நாளாயிற்று. இப்போது ஒரு லிட்டர் எவர்சில்வர் பாட்டில் மூன்று. மேலே ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக் பாட்டில்களுக்கு எப்படியும் தடை. வழியில் நிரப்பிக்கொள்ள இடம் இருக்கிறது.

இவ்வளவும் செய்துவிட்டு மார்ச் முதல் வாரம் மறுபடி கிளம்பினோம். முன் சக்கரம் தரையைப் பிடித்தது. ஹேண்டில் கனத்தது, ஆனால் அந்தக் கனம் நல்லது. சின்னக் கல் தட்டினாலும் துள்ளாமல் அமைதியாக இருந்தது. முன்பு நின்ற இடங்களில் பாதியில் நிற்காமல் போனேன். ஆனால் அலைச்சல் தீரவில்லை. முன்பு சடக் சடக்கென்று வெட்டியது. இப்போது நீளமாக, சோம்பலாக, பாம்பு போவது போல. நேராகக் கொஞ்ச தூரம் போகும், பிறகு ஒரு பக்கம் சாயும். ஹேண்டில் வர மறுக்கும். கொஞ்சம் பலம் கொடுத்தால் ஒரேயடியாக வந்துவிடும். முள்ளூர் வருவதற்குள் மணிக்கட்டு மறுபடி பேச ஆரம்பித்துவிட்டது.

முன்னால் கனம் வைத்தால் ஹேண்டில் தானாக ஒரு பக்கம் விழும், அதைத் தடுக்கப் போர்க்கையும் பிரேமையும் ரப்பரால் இழுத்துக் கட்டு என்று சைக்கிள் ஓட்டும் நண்பர் ஒருவர் சொல்லியிருந்தார். சொன்னதில் உண்மை இருக்கிறது. போர்க் சாய்வாக இருப்பதால் ஹேண்டிலைத் திருப்பும்போது முன்பக்கம் நூலளவு கீழே இறங்குகிறது. இறங்குவது எளிது, அதனால் மேலும் திரும்பப் பார்க்கிறது. ஹேண்டில் தண்டின் கோட்டிலேயே ஒரு நேரான குச்சியைத் தரைவரை பிடித்து, அச்சிலிருந்து தொங்கவிட்ட நூல் தரையைத் தொடும் இடத்துக்கும் குச்சி தொடும் இடத்துக்கும் இடையே அளந்தால் கிடைக்கும் தூரத்தை டிரெயில் என்கிறார்கள். என் சைக்கிளில் 68 மி.மீ. இது கூடக் கூட, மெதுவான வேகத்தில் ஹேண்டில் விழும் குணமும் கூடும். முன்னால் பை வைத்து ஓட்டுவதற்கென்றே செய்யும் பிரெஞ்சு முறை சைக்கிள்களில் 30, 40 மி.மீ. வரைதான் வைப்பார்கள். என்னால் போர்க்கை மாற்ற முடியாது. சரி, ரப்பரைக் கட்டிப் பார்ப்போம் என்று டியூப் துண்டைக் கட்டினேன்.

இரண்டு கிலோமீட்டர்கூட ஓட்டவில்லை, அவிழ்த்துவிட்டேன். ஒவ்வொரு திருத்தத்துக்கும் ரப்பரோடு சண்டை. நேராக இழுத்து வைத்தால் நேராகப் போகும் என்பது கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் சைக்கிள் நேராகப் போவதே ஓயாமல் கொஞ்சம் கொஞ்சம் திரும்பித்தான். அதைக் கட்டினால் அது விழும். சரிவில் நிறுத்தி வைக்கும்போது முன் சக்கரம் மடங்காமல் இருக்க அந்த ரப்பர் உதவுகிறது, அதற்கு மட்டும் வைத்திருக்கிறேன். ஆனால் அதை அவிழ்த்த நிமிடம் இன்னொன்று புரிந்தது. ரப்பர் கட்டியபோது இருந்த அந்த ஒட்டல், அவிழ்த்த பிறகும் பாதி இருந்தது. அப்படியென்றால் ஹேண்டிலை ஏற்கெனவே வேறு ஏதோ கட்டி வைத்திருக்கிறது.

இறங்கியதும் மேட்டுப்பாளையத்தில் ஒரு பழைய சைக்கிள் கடைக்குப் போனேன். அறுபது தாண்டிய பெரியவர். நான் சொன்னதை முழுதாகக் கேட்டுவிட்டு, எல்லாப் பைகளையும் கழற்றச் சொன்னார். பிறகு மேல் பாரைப் பிடித்து முன் சக்கரத்தைத் தரையிலிருந்து தூக்கினார்.

"ஹேண்டிலத் தொடாதீங்க அம்மணி. சும்மா பாருங்க."

சைக்கிளை இடது பக்கம் கொஞ்சம் சாய்த்தார். சக்கரம் அசையவில்லை. இன்னும் சாய்த்தார். அப்போதும் நேராகவே நின்றது. இன்னும் ஒரு மடங்கு சாய்த்த பிறகு டொக் என்று ஒரேயடியாக விழுந்தது.

"நேராப் போற எடத்துல குழி உளுந்துக்குதுங்க. பால்ரஸ் அந்தக் குழியிலயே உக்காந்துக்குது. வேகமாப் போனாத் தெரியாது. மலையேறுறப்பத்தான் காட்டிக் குடுக்கும்."

"ஐயா, இதுக்கு என்ன பண்றதுங்க?"

"கழட்டுனாத்தான் தெரியும். நீங்களே கழட்டுங்க, நான் சொல்றேன். நாளைக்கு மேல போற வழியில நானா வருவேன்?"

அப்படித்தான் அன்று சாயங்காலம் முழுவதும் அவர் கடை வாசலில் உட்கார்ந்து கழற்றினேன். ஹேண்டில் தண்டின் மேல் மூடியில் இருக்கும் போல்ட்டை 5 எம்எம் அலன் கீயால் எடுத்தேன். ஹேண்டிலைப் பிடித்திருக்கும் ஸ்டெம்மின் பக்கவாட்டு போல்ட் இரண்டையும் தளர்த்தி ஹேண்டிலைக் கம்பிகளோடு அப்படியே ஒரு பக்கம் தொங்கவிட்டேன். இந்த நேரத்தில் போர்க் தானாகக் கழன்று விழும், ஒரு கையால் பிடித்திருக்க வேண்டும். தண்டு சுழல்வதற்காக மேலும் கீழும் இருக்கும் குண்டு வளையங்கள்தான் பால்ரஸ். மேல் பால்ரஸ் நன்றாக இருந்தது, கிரீஸ் கறுத்திருந்தது அவ்வளவுதான். கீழே வந்ததும் கதை தெரிந்துவிட்டது. போர்க்கின் தோளில் உட்கார்ந்திருக்கும் வளையத்தைத் துடைத்துவிட்டு வெளிச்சத்தில் திருப்பினால், சுற்றிலும் சம இடைவெளியில் அரிசி முனை அளவுக்குக் குழிகள். நகத்தை வைத்து ஓட்டினால் ஒவ்வொன்றிலும் தடுக்கியது. சக்கரம் நேராக இருக்கும்போது குண்டுகள் எங்கே உட்காருமோ சரியாக அங்கே. சக்கரம் வாங்கிய ஒவ்வொரு அதிர்ச்சியும் அதே புள்ளியில் விழுந்து விழுந்து வந்த தேய்மானம்.

இதில் என் பங்கும் உண்டு. போன வருடம் முன் பிரேக் பிடித்தால் டக் டக்கென்று ஒரு ஆட்டம் இருந்தது. அதைப் போக்க மேல் மூடியை நானே இறுக்கியிருந்தேன், ஆட்டம் போன பிறகும் கால் சுற்று அதிகமாக. அந்த இறுக்கம்தான் குண்டுகளைக் குழிக்குள் அழுத்திப் பிடித்தது.

கீழ்ப் பால்ரஸ், கிண்ணம், வளையம் மூன்றையும் மாற்றினோம். பழைய வளையத்தைப் போர்க்கிலிருந்து எடுக்கப் பெரியவர் ஒரு மழுங்கிய உளியை வைத்து, ஒரே பக்கம் அடிக்காமல் சுற்றிச் சுற்றி மெல்லத் தட்டினார். புதியதை இறக்க அதே விட்டத்தில் ஒரு பைப் துண்டு. கிரீஸைக் கிண்ணத்தில் தாராளமாக வைத்து, குண்டுக் கூட்டின் மீதும் தடவி, மாட்டும்போது கூடு எந்தப் பக்கம் பார்க்கிறது என்று இரண்டு தடவை சரிபார்த்தோம். மாற்றி வைத்தால் குண்டு உருளாமல் தகடு உரசும்.

இறுக்குவதுதான் விஷயமே. மேல் மூடியின் வேலை ஹேண்டிலைப் பிடிப்பது இல்லை, ஆட்டத்தை எடுப்பது மட்டும்தான். பிடிப்பது பக்கவாட்டு போல்ட்டுகள். அவை தளர்ந்திருக்கும்போதே மூடியைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி, முன் பிரேக்கைப் பிடித்து சைக்கிளை முன்னும் பின்னும் தள்ளிப் பார்க்க வேண்டும். விரலைக் கீழ்க் கிண்ணத்துக்கும் போர்க்குக்கும் நடுவே வைத்தால் ஆட்டம் தெரியும். ஆட்டம் எந்த இடத்தில் நிற்கிறதோ அங்கே நிறுத்திவிட வேண்டும். பிறகு ஹேண்டிலைச் சக்கரத்துக்கு நேராக வைத்துப் பக்கவாட்டு போல்ட்டுகளை மாற்றி மாற்றி இறுக்க வேண்டும். கடைசியில் பெரியவரின் சோதனை. சக்கரத்தைத் தூக்கி, துளி சாய்த்தால் தண்ணீர் வழிவது போல அந்தப் பக்கம் விழ வேண்டும். இப்போது விழுந்தது.

வீட்டுக்கு வந்து எல்லாப் பையையும் மாட்டி மறுபடி அதே சோதனையைச் செய்தேன். அங்கே ஒரு ஆச்சரியம். வலது பக்கம் சாய்த்தால் விழுகிறது, இடது பக்கம் சாய்த்தால் பாதியில் நின்றுவிடுகிறது. ஒவ்வொன்றாகக் கழற்றிப் பார்த்ததில் மாட்டியது ஹேண்டில் பை. கேமரா, பணம், பழம் என்று திணித்திருந்த அந்தப் பை, பிரேக் கம்பியையும் கியர் கம்பியையும் பிரேமோடு சேர்த்து அழுத்தி வளைத்திருந்தது. வளைந்த கம்பி ஸ்பிரிங் மாதிரி ஹேண்டிலைத் திருப்பித் தள்ளியது. யாரும் ரப்பர் கட்டாமலே கட்டிய ரப்பர். பைக்கும் கம்பிகளுக்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி வரும்படி மரக்கட்டை வைத்துத் தள்ளி மாட்டினேன். பழத்தைப் பின் பைக்கு மாற்றினேன். பை இப்போது ஒரு கிலோவுக்குச் சற்று மேல்.

கியரையும் தொட்டேன், சுருக்கமாகச் சொல்கிறேன். 28 பல் சின்ன வட்டத்தை எடுத்துவிட்டு 24 போட்டேன். மணிக்கு 4.8 கி.மீ. வேகத்தில் முன்பு நிமிடத்துக்கு 42 சுற்று மிதித்தேன், இப்போது 49. மெதுவாக மிதித்தால் ஒவ்வொரு மிதியும் ஒரு தள்ளு. அந்தத் தள்ளு சைக்கிளை ஒரு பக்கம் அசைக்கிறது. சுற்று கூடினால் தள்ளு சின்னதாகிறது, கை ஹேண்டிலைப் பிடித்துத் தொங்க வேண்டியதில்லை. அதற்கும் கீழே கியர் போட்டு 4 கி.மீ.க்குக் கீழே ஊர்வதில் எனக்கு நம்பிக்கையில்லை. அந்த வேகத்தில் இறங்கித் தள்ளுவது பாதுகாப்பு. சின்ன வட்டத்தில் இருக்கும்போது பின்னால் சின்னப் பற்களுக்குப் போனால் செயின் தொய்கிறது, போவதில்லை.

மூன்றாவது ஏற்றம் மார்ச் கடைசி ஞாயிறு. ஏப்ரல் தாண்டினால் கோடைக் கூட்டம், அப்புறம் பலா பழுக்கும். குஞ்சப்பனைப் பக்கம் பலாவுக்கு யானை இறங்கும் பருவத்தில் ஐந்து கி.மீ. வேகத்தில் ஊர்ந்துகொண்டிருக்க எனக்கு விருப்பமில்லை. அதிகாலை இருட்டில் கிளம்பவும் இல்லை. நன்றாக விடிந்த பிறகுதான் பாலத்தைத் தாண்டினோம்.

குஞ்சப்பனை வளைவு வந்தபோது மூச்சைப் பிடித்திருந்தேன், தம்பி பின்னாலிருந்து கத்தினான்: "அக்கா, கையை விடு! கையைத் தளர விடு!" சரியாகச் சொன்னான். பயத்தில் முழங்கையைப் பூட்டியிருந்தேன். இத்தனையும் கழற்றி மாட்டிய பிறகு நானே ஹேண்டிலைக் கட்டிக்கொண்டிருந்தேன். தோளை இறக்கி, முழங்கையை மடித்து, விரலால் மட்டும் பிடித்தேன். கண்ணை முன் சக்கரத்திலிருந்து எடுத்துப் பத்துப் பதினைந்து மீட்டர் தள்ளி, வளைவு முடியும் இடத்தில் வைத்தேன். ஹேண்டில் இப்படியும் அப்படியும் சின்னதாகத் திரும்பிக்கொண்டே இருந்தது, சைக்கிள் நேராகப் போனது. மீட்டரில் 4.9.

இடப்பக்க வளைவுகளில் நாம் இடது ஓரமாகப் போவதால் செங்குத்தான உள்விளிம்புதான் நமக்கு வருகிறது. முன்னும் பின்னும் வண்டி இல்லையென்று உறுதியானால் ஒரு மீட்டர் வெளியே தள்ளிப் போகிறேன், ஏற்றம் நன்றாகவே குறைகிறது. பேருந்துச் சத்தம் கேட்டால் வளைவுக்கு முன்பே நின்றுவிடுகிறேன். மலை ஏறும் வண்டிக்கு வழி விட வேண்டும் என்பது முறைதான், ஆனால் பேருந்து வளைவில் முழுச் சாலையையும் எடுத்துக்கொண்டுதான் திரும்ப முடியும். அதனோடு போட்டி வேண்டாம். நின்ற இடத்திலிருந்து கிளம்ப, சைக்கிளைச் சாலைக்குக் கொஞ்சம் குறுக்காகத் திருப்பி, பிரேக்கைப் பிடித்து, வலது பெடலைப் பாதி உயரத்துக்குக் கொஞ்சம் மேலே முன்பக்கம் வைத்து, ஒரே மிதியில் உடம்பைச் சீட்டுக்குக் கொண்டுவருகிறேன். பிரேக்கை விடுவதும் மிதிப்பதும் ஒன்றாக நடக்க வேண்டும். வீட்டுக்குப் பக்கத்தில் ஏதாவது ஒரு மேட்டில் முழுச் சுமையோடு இருபது தடவை பழகிக்கொள்ளுங்கள், மலையில் கைகொடுக்கும்.

அரவேணுவில் டீ குடிக்க நின்றபோது மணி பதினொன்றரை. தொடை இரண்டும் கல்லாக இறுகியிருந்தன. மணிக்கட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தேன், ஒரு வலியும் இல்லை. தம்பி தன் சைக்கிளின் முன் சக்கரத்தைத் தூக்கிச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருந்தான். அவனுடையதும் நடுவில் நின்றது.